வாசலோடு திரும்பியவன்

என் அன்பான வாயாடிக்கு,

நீயும் பாப்பாவும் சுகமாக இருக்க வேண்டும். நான் சுகம் என்று எழுதினால் பொய். ஐந்து நாளாக நீ போனை எடுக்கவில்லை, அதனால்தான் கடிதம். கோபம் தீராவிட்டாலும் கடைசிவரை படித்துவிடு.

அன்று உங்கள் அம்மா வீட்டில் அத்தை பாப்பாவை நீட்டியபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றேன். முகமூடியைக்கூடக் கழற்றவில்லை. "பெத்த பிள்ளையத் தொடக்கூட மனசில்லாத மனுஷன்" என்று அத்தை சொன்னது படி இறங்கும்போது காதில் விழுந்தது. சுருக்கென்று தைத்தது. ஆனால் அவர்கள்மேல் தப்பில்லை.

முகமூடிக்குள்ளே உதட்டோரத்தில் கொப்புளம். கல்யாணத்துக்கு முந்தின மாதமும் ஒருமுறை வந்தது, அதேதான். அப்போது களிம்பு போட்டு ஆறியதும், சனியன் தொலைந்தது என்று நினைத்தேன். இந்த முறை பஸ் ஏறும் முன் ஆஸ்பத்திரியில் காட்டியபோது டாக்டர் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "மருந்து புண்ணத்தான்யா ஆத்தும். கிருமி நரம்புக்குள்ள போய்ப் படுத்துக்கும். வெயில், காய்ச்சல், அலுப்பு, ஏதாவது ஒண்ணு போதும், எழுந்து வந்துடும். பச்சைக் குழந்தைகிட்ட மட்டும் போயிடாதே, ஒட்டிக்கிச்சுன்னா அதோட உயிருக்கே ஆபத்து" என்றார். தூர நின்றாவது பார்க்கலாம் என்றுதான் வந்தேன்.

பாப்பாவைப் பார்க்க லீவு வேண்டுமென்று பத்து நாள் வேலையை ஆறு நாளில் முடித்தேன். கொதிக்கிற ரோட்டில் குனிந்து வெள்ளைக்கோடு போடுவது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். அந்த வெயிலும் அலுப்புமே சனியனை எழுப்பிவிட்டன. என் அவசரமே எனக்கு வினையாகிவிட்டது.

அங்கேயே சொல்லியிருக்கலாம். சித்தியும் பக்கத்து வீட்டாரும் நிற்க, புண்ணைக் காட்ட வெட்கம். "எங்க போய் வாங்கிட்டு வந்தே?" என்று நீ கேட்டுவிடுவாயோ என்று பயம். சத்தியமாக நான் எங்கும் போகவில்லை. சின்ன வயதில் என்னை யாராவது முத்தமிட்டுக் கொஞ்சியபோது ஒட்டியிருக்கலாம் என்கிறார் டாக்டர் அம்மா. பாப்பாவையும் உதட்டில் புண்ணோடு யாரும் கொஞ்ச விடாதே, கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. உனக்கு ஒரு கொப்புளம் வந்தாலும் உடனே டாக்டரிடம் ஓடு.

ரொம்பக் களைத்துவிட்டேன். பொருக்கு உதிர்ந்து தோல் முழுதும் ஆறி, டாக்டர் அம்மா சரி என்றதும் வருகிறேன். வரச் சொல்வாய் அல்லவா? அதுவரை என் பங்கையும் சேர்த்து நீயே கொஞ்சு.

உறையை எச்சில் தொட்டு ஒட்டவில்லை, கோந்து வாங்கி ஒட்டினேன். எழுதும்போதும் முகமூடியோடுதான் இருக்கிறேன். பயப்படாமல் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டே படி.

நீங்கள் இருவரும் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா