மேல்காட்டில் நிற்கும் கல்

பெரம்பலூர்
12.9.1979

அன்புத் தங்கை பூமாலைக்கு அண்ணன் ராசாங்கம் எழுதுவது. இங்கு நானும் உன் அண்ணியும் நலம். மாப்பிள்ளை வீரமுத்துவும் பிள்ளைகளும் சுகந்தானே?

கொள்ளிடத்தில் தண்ணீர் வடிந்ததும் வழக்கம்போல ஆற்றை அளக்க வருவேன். கரைக்குக் கரை கயிறு கட்டி, எங்கே ஆழமாகியிருக்கிறது, எங்கே மணல் மேடேறியிருக்கிறது என்று கோல் விட்டுப் பார்க்க வேண்டும். விரால் குழம்பு உன் பொறுப்பு. பாகப்பிரிவினையில் ஆற்றோர வண்டல் படுகையை உனக்குக் கொடுத்துவிட்டுக் கரட்டு மேல்காட்டை வைத்துக்கொண்டேன் என்று உன் அண்ணி இன்னும் சொல்லிக் காட்டுகிறாள். அந்தப் பாவத்துக்காவது நல்ல சோறு போடு.

உன் அண்ணன்
ராசாங்கம்

கொள்ளிடக்கரை, மீன்சுருட்டி வழி
28.11.1979

அன்புள்ள அண்ணனுக்கு,

ஐப்பசி வெள்ளம் படுகையில் பாதியைத் தின்றுவிட்டது. கரும்பு போயிற்று, மோட்டார் கொட்டகை போயிற்று. அவர் இடிந்து உட்கார்ந்திருக்கிறார்.

நீ வரவில்லை. உன்னோடு கயிறு பிடிக்கும் பாவாடை அண்ணன்தான் வந்தார். "இந்தக் கரை பத்து வருசமா அறுத்துக்கிட்டுத்தான் இருக்கு. கரையோட, படுகையில நின்ன ஆத்து அளவுக்கல்லும் வுழுந்துடும்னுதானே, பாகம் பிரிக்கிறதுக்கு முந்தின வருசம் அதைப் புடுங்கி மேல்காட்டுல நட்டோம். சார் சொல்லலையா?" என்றார்.

கல் ஏர் ஓட்ட இடைஞ்சல் என்றல்லவா என்னிடம் சொன்னாய்? கரை அறுந்து போகும் என்று உனக்கு முன்பே தெரியுமா? இல்லை என்று ஒரு வரி எழுது, நம்புகிறேன்.

உன் தங்கச்சி
பூமாலை

பெரம்பலூர்
5.12.1979

அன்புத் தங்கைக்கு,

ஆற்றின் குணத்தை யார் முன்கூட்டிச் சொல்ல முடியும்? கல்லை மாற்றியது மேலதிகாரி உத்தரவு. ஆபீஸ் விஷயத்தை வெளியே பேசக் கூடாது. எனக்கும் கரையேற்ற இரண்டு பெண்கள் இருக்கிறார்கள், பூமாலை. எதையும் மனத்தில் வைத்துக்கொள்ளாதே. பொங்கல் சீரோடு நேரில் வருகிறேன். இந்த வருடம் மாப்பிள்ளைக்குப் பட்டுக்கரை வேட்டி.

அண்ணன்
ராசாங்கம்

கொள்ளிடக்கரை
20.12.1979

திரு. ராசாங்கம் அவர்களுக்கு,

இல்லை என்று நீங்கள் எழுதவில்லை.

ஆறு செய்ததைப் பொறுத்துக்கொள்வேன். வருடா வருடம் என் கையால் சோறு வாங்கித் தின்றுவிட்டு, எங்கள் நிலம் எவ்வளவு அறுந்தது என்று அளந்துகொண்டு போனீர்களே, அதைப் பொறுக்க முடியவில்லை. விழப்போகிறது என்று தெரிந்ததும் கல்லைத் தூக்கிப் பத்திரமான இடத்தில் நட்டீர்கள். அது நின்ற இடத்தை எனக்குக் கொடுத்தீர்கள்.

பொங்கல் சீர் கொண்டுவர வேண்டாம். கல் உங்கள் காட்டில்தானே இருக்கிறது? இனி அளக்க வந்தால் அந்த வழியாகவே ஆற்றில் இறங்குங்கள்.

இப்படிக்கு,
வீரமுத்து மனைவி பூமாலை