போன வழி

ஞாயிறு. மழை விட்டுவிட்டது.

இனிச் செய்ய ஒன்றுமில்லையென்று மதியம் அண்ணனை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. நாங்கள் வேலைசெய்த தோட்டத்தை நிர்வாகம் விற்றபோது எங்களுக்குக் கிடைத்தவை, ஒட்டினாற்போல் இரண்டு வீடுகள். நடுவே அடுப்பங்கரைச் சுவரில் ஒரு வழி வைத்திருந்தோம். அப்பா இறந்தபோது, வெளியூரிலிருந்த நான் வந்து முகம் பார்ப்பதற்குள் அண்ணன் கொள்ளி வைத்துவிட்டான். அவன் வீட்டில் சண்டையிட்டு அந்த வழியாகத் திரும்பி வந்த கையோடு அதை அடைத்தேன்.

சாப்பிடும்போது மகள் தன் யூனிவர்சிட்டி பாடத்தைச் சொன்னாள். ஐஸ்லாந்துப் பழங்கதைகளில் திரௌகர் என்று ஒன்று. செத்தும் அடங்காமல், வீங்கிக் கறுத்து, தன் பொருளைக் காத்துக்கொண்டு புதைமேட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் பிணம்.

"நம்ம பேய் மாதிரி பறக்காதுப்பா. செம கனம் லா. அது திரும்பி வரக்கூடாதுன்னு சுவத்த இடிச்சுப் பொணத்த வெளிய எடுப்பாங்க. அப்புறம் அடைச்சிருவாங்க. போன வழியாத்தான் அதுக்கு வரத் தெரியுமாம்."

"முட்டாள் பிணம்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. சுவரில் பூச்சு நிறம் மாறிய இடத்தைப் பார்த்தாள். "பெரியப்பா வீட்டுலேர்ந்து அந்த வழியா கடைசியா வந்தது யாருப்பா?"

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

அவன் கூப்பிடட்டும் என்றுதான் இத்தனை வருஷம் இருந்தேன். இன்று மாலை அண்ணி வேலியோரம் வந்து, "தம்பி, அண்ணன் உங்களத்தான் கேக்குறாரு" என்றார். அந்த வீட்டு முன்வாசலை நான் மிதித்ததே இல்லை.

வாசல் கேட்டின் சாவியை எடுத்து மேசைமேல் வைத்திருக்கிறேன். இவ்வளவு நேரம் சுவருக்கு அந்தப் பக்கம் இருமிக்கொண்டிருந்தான். இப்போது சத்தமில்லை. தூங்கியிருப்பான்.