தரை ஆடிய தடைக்காலம்

ஏப்ரல் 13

மீன்பிடித் தடைக்காலத்துக்கு முன் கடைசியாக எங்கள் போட் காசிமேட்டுத் துறைமுகத்துக்கு வந்து நின்றது. வஞ்சிரமும் சங்கராவும் நிறைய. ஏலக் கூட்டத்தில் யாரோ, "பொன்ராஜ் போட்டா? அப்ப மீனு கீது" என்றார்கள். என் காதுக்கு அதைவிட நல்ல கம்மல் வேண்டாம்.

போட்டை ஓட்டிவந்த என் வீட்டுக்காரர் இறங்கி நடக்கும்போது ஆடுகிறார். நாள்கணக்கில் கடலில் கிடந்து வந்தால் எல்லாருக்கும் தரை ஆடும். இரண்டு மூன்று நாளில் சரியாகும்.

ஏப்ரல் 24

இன்னும் ஆடுகிறார்.

மே 2

போட்டுக்கு பெயிண்ட் அடிக்கிறார்கள். பலகையில் நின்ற இவர் சாய்ந்துவிட்டார். அதே போட்டில் போகும் என் தம்பி திருமுருகன் பிடித்ததால் பிழைத்தார். பக்கத்துப் போட்டில் சிரிப்பு. "இன்னா டிரைவரு, காலையிலயே ஏத்திகினியா?" இவரும் சிரித்துக்கொண்டு, "ஆமா நைனா, கொஞ்சம் ஓவரா பூட்ச்சி" என்றாரே! சொட்டு குடிக்காத மனுஷன்! நோயாளி என்பதைவிடக் குடிகாரன் என்பது கௌரவமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"கடலாட்டம்மே. போய்டும்."

"யோவ், கடலுக்குப் போயி எத்தினி நாளாச்சு? கடலு இன்னா, உன் கூடவே வூட்டுக்கு வந்துச்சா?"

அதன்பிறகுதான் சொன்னார். வலது கால் மரத்துப் போயிருக்கிறதாம்.

மே 6

பெரிய ஆஸ்பத்திரி. நரம்பு டாக்டர் ஒரு அம்மா. முன்னால் ஏதாவது வந்ததா என்று கேட்டார். "ஒண்ணும் இல்ல" என்கிறார் இவர். நான் விடுவேனா? போன வருஷம் ஒரு கண் வலித்து, மங்கி, தானே தெளிந்ததைச் சொன்னேன். உப்புக்காற்று என்று நினைத்து சொட்டு மருந்து விட்டோம். டாக்டர் நிமிர்ந்து, "இது ரொம்ப முக்கியம்மா" என்றார். பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

ஸ்கேனில் மூளையில் வெள்ளைத் திட்டுகள். இனி முதுகிலிருந்து நீர் எடுத்துப் பார்க்க வேண்டுமாம்.

மே 8

தெரு முழுக்க ஒரே பாட்டு: முதுகுத் தண்ணி எடுத்தால் கால் விழுந்துவிடும். புயலில் போட்டைத் திருப்பிக்கொண்டு வந்தவர் ஊசிக்குப் பயப்படுகிறார். தண்டுவடம் முடிகிற இடத்துக்கும் கீழேதான் குத்துவார்கள் என்று டாக்டர் சொன்னதை எடுத்துச் சொன்னேன். "நீ கூட நிப்பியா?" என்றார்.

மே 9

நின்றேன். முழங்காலை மார்போடு சேர்த்துச் சுருண்டு படுத்தவர், ஒரு முனகல் இல்லை. அவர் பிடித்த என் கைதான் இன்னும் வலிக்கிறது.

அந்த நீர் குடிதண்ணீர் மாதிரித் தெளிவு. அதில் என்ன இருந்துவிடப் போகிறது?

மே 19

இருக்கிறது. ரத்தத்தில் இல்லாத அழற்சிப் புரதங்கள் அந்த நீரில் இருக்கின்றன. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்பின் உறையை அரிக்கிறதாம். பெயர் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்.

"ஸ்டீராய்டு போட்டா இந்தத் தடவை அடங்கிடும்" என்றார் டாக்டர். "ஆனா நீர்ல இந்த அடையாளம் இருக்கிறவங்களுக்குத் திரும்ப வர வாய்ப்பு அதிகம். எப்போன்னு சொல்ல முடியாது. மருந்தால குறைக்கலாம்."

"கடலுக்குப் போலாமா?"

"நடுக்கடல்ல நீங்க ஸ்டியரிங் பிடிச்சிருக்கும்போது கண்ணு மங்கினா?"



ஜூன் 5

நடை தேறிவிட்டது. இப்போது அதுவே ஆபத்து.

"பாரு, நேரா நடக்கறேன். பதினஞ்சாந்தேதி நான்தான் போட்ட எடுப்பேன்."

"உன் உசுரு, உன் இஷ்டம். உன்ன நம்பி ஏர்ற பசங்க உசுரு?"

சோற்றைத் தொடாமல் படுத்துவிட்டார். நானும்தான். சொன்னது தப்பா? தப்பில்லை.

ஜூன் 15

தடை முடிந்தது. காலையில் போட்டுக்கு மாலை, கற்பூரம், பூசணிக்காய். இவர் ஏறட்டும் என்று எல்லாரும் நின்றார்கள். ராத்திரிகூட முடிவைச் சொல்லவில்லையே.

பூசணிக்காயை உடைத்தார். ஏறவில்லை. பக்கத்துப் போட்டுக்காரர்களுக்கும் கேட்கிற குரலில் சொன்னார்:

"கேட்டுக்கோங்கப்பா. நான் குடிச்சிட்டு ஆடல. எனக்கு நரம்புல வியாதி கீது. முதுகுத் தண்ணி எடுத்துப் பாத்துட்டாங்கோ. எப்ப வோணா திரும்ப வரும். அத்தோட பத்து பேர இட்டுகினு போவ மாட்டேன். இனிமே என் மச்சான்தான் டிரைவரு."

"மாமா..." என்று இழுத்தான் திருமுருகன்.

"ஏறுடா. நேரமாவுது."

போட்டுகள் கிளம்பின. மற்றப் பெண்கள் கடலைப் பார்த்துக் கை காட்டிக்கொண்டிருந்தார்கள். நான் கரையில் நின்றவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் புருஷன்.