விக்கிரவாண்டி ராகம்

இன்று காலை விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில், திண்டிவனம் வண்டியில் உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் கீழே நின்றபடி தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார். என் இடது கால் தானாக கிளட்சைத் தேடியது. ஸ்டீயரிங்கை விட்டு மூன்று வருஷமாகிறது, காலுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. உன் நினைப்பு வந்துவிட்டது.

பதினாறு வருஷம் ஒரே வண்டி, ஒரே தடம். நான் டிரைவர், நீ கண்டக்டர். "ரோட்ட நீ பாத்துக்கோ, ஜனத்த நான் பாத்துக்கறேன்" என்பாய். ஸ்டாப் பேரை நீ சாதாரணமாகச் சொன்னதே இல்லை. கூட்டேரிப்பட்டோ விக்கிரவாண்டியோ, எல்லாவற்றுக்கும் ஒரே இழுப்பு. தாழ்ந்து தொடங்கி, நடுவில் ஏறி, கடைசியில் நீண்டு நிற்கும். கழுதைக்குக்கூட இதைவிட சுருதி உண்டு என்று நான் கிண்டல் செய்வேன். மல்லாட்டை மூட்டையோடு ஏறித் தூங்கிவிடுகிற அம்மாக்கள் அந்த இழுப்பைக் கேட்டதும் சரியான இடத்தில் எழுந்து இறங்குவார்கள்.

பக்கவாதம் வந்து உன் வலது பக்கத்தையும் பேச்சையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. ஒரே ஒரு சொல்தான் மிச்சம்: "ரைட்டு." தண்ணீருக்கும் ரைட்டு, வலிக்கும் ரைட்டு, மகள் தமிழ்ச்செல்விக்கும் ரைட்டு. நாங்கள் சொல்வது உனக்குப் புரிந்தது, பதில்தான் வரவில்லை. திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்திருந்த அந்தப் பெண் வாரம் தவறாமல் கூட்டேரிப்பட்டில் உன் வீட்டுக்கு வந்து, எதிரில் உட்கார்ந்து, தன் பேரைச் சொல்லச் சொல்லிக் கேட்பாள். நீ வாயை அசைத்துப் பார்ப்பாய், "ரைட்டு" என்பாய், அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாய்.

ஒருநாள் வாசலில் நின்று அழுதாள். "எங்கப்பாவுக்கு என் பேரு கூட மறந்துபோச்சா மாமா?"

எனக்கு உன் மேலேயே கோபம் வந்தது. ஊர்ஊராகப் பேர் சொன்னவன், பெற்ற மகள் பேரைச் சொல்ல மாட்டேன் என்கிறானே என்று.

விழுப்புரத்தில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண்தான் விளக்கினார். பேர் மறக்கவில்லை, வெளியே வருகிற வழிதான் அடைபட்டிருக்கிறது. பேச்சு பெரும்பாலும் மூளையின் இடது பக்கத்து வேலை, அங்கேதான் அடி. ராகத்தில் வலது பக்கத்துக்கும் பெரிய பங்கு உண்டு, அந்த வழியாகச் சொல்லைக் கொண்டுவரப் பார்க்கலாம் என்றார். உடனே நான் பெரிய மேதாவி மாதிரி போன் நிறைய சினிமாப் பாட்டு ஏற்றிக்கொண்டு வந்தேன். வண்டியில் பாட்டுப் போட்டாலே நிறுத்தச் சொல்கிற ஆள் நீ. ஒரு மாதம் வீணாய்ப் போனது.

அப்புறம் ஒருநாள், பயிற்சிக்குப் போக வேறு வண்டி கிடைக்காமல், உன்னை நம் பஸ்ஸிலேயே முன் சீட்டில் உட்காரவைத்தேன். விக்கிரவாண்டி நெருங்கியதும் உன் இடது கை ஜன்னலுக்கு வெளியே போய்த் தகரத்தைத் தட்டியது.

"விக்கிரவாண்டேய்..."

முழுசாக, பிசகில்லாமல், அதே இழுப்பில். நான் பிரேக்கை மிதித்த மிதியில் நின்றிருந்தவர்கள் எல்லாரும் முன்னால் வந்து சாய்ந்தார்கள். திட்டவும் திட்டினார்கள். நான் அழுதுகொண்டிருந்தேன்.

இது பழக்கத்தில் வந்தது, இந்த ராகத்தில் இனிப் புதுச் சொல்லை ஏற்ற வேண்டும் என்றார் அந்தப் பெண். இடது கையால் தட்டித் தட்டி, "தண்ணி வேணும்" என்பதை விக்கிரவாண்டி மாதிரி இழுக்க உனக்கு மூன்று வாரம் ஆனது. "கால் வலிக்குது" அடுத்த மாதம். சில நாள் ஒன்றுமே வராது, கோபத்தில் டம்ளரை வீசுவாய். மறுநாள் மறுபடியும் தட்டுவாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தமிழ்ச்செல்வி திண்டிவனம் போக நம் வண்டியில் ஏறினாள். கோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு நீ ஸ்டாப் வரை வந்திருந்தாய். நான் கியரைப் போடும் நேரம் தகரத்தில் தட்டு விழுந்தது.

"தமிழ்ச்செல்வேய்..."

அவள் இறங்கி ஓடிவந்தாள். நான் இன்ஜினை நிறுத்திவிட்டேன். ஏன் நிறுத்தினாய் என்று வண்டியில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. அன்றைக்கு ஏழு நிமிஷம் லேட்.

எல்லாப் பேச்சும் திரும்பவில்லை. அதற்குள் இரண்டாவது அடி வந்து நீ போய்விட்டாய். ஆனால் மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுத்தான் போனாய்.

இன்று நீ பார்க்காத உன் பேத்தியைப் பார்த்துவிட்டு வந்தேன். பதினோரு மாதம், இன்னும் ஒரு சொல்கூட வரவில்லை. தமிழ்ச்செல்வி கேப்பைக் கூழை ஊட்டும்போது உன் ஸ்டாப் பேர்களையெல்லாம் உன் மாதிரியே இழுக்கிறாள். குழந்தை ஆவென்று கேட்டுவிட்டு, தாழ்ந்து தொடங்கி, நடுவில் ஏறி, கடைசியில் நீட்டுகிறது. வார்த்தை கிடையாது, ராகம் அப்படியே இருக்கிறது. பிள்ளைகள் சொல்லுக்கு முன்னால் ராகத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று அந்தப் பயிற்சிப் பெண் அப்போதே சொல்லியிருந்தார். எனக்கு இன்றுதான் விளங்கியது.

கிளம்பும்போது கதவருகே நின்று குழந்தையின் பேரை உன் இழுப்பில் கூப்பிட்டுப் பார்த்தேன். கழுதையே தேவலாம். ஆனாலும் திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, தட்டைக் கவிழ்த்து, இடது கையால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

ரைட்டு என்று சொல்லிவிட்டு வந்தேன்.