உன் இடத்தில் நின்ற ஒரு சீசன்

என் பிரியமான ரவி அண்ணா,

தை மாதம் நெஞ்சுவலி வந்து நீ போய்விட்டாய். சித்திரையில் கேம்ப் திறந்ததும் உன் ஜெர்கினை எனக்கு மாட்டிவிட்டார்கள். உள்ளே இன்னொரு ஆள் நுழையலாம், அவ்வளவு தொளதொளப்பு. சிரிக்காதே.

கோடை விடுமுறைப் பிள்ளைகளை எட்டு வருடம் நீ மலையேற்றிய இடம். "இந்த ஒரு சீசனுக்கு மட்டும் அனுப்புங்கம்மா" என்று முதலாளி நம் வீட்டுக்கே வந்து கேட்டார். "அவன் உசுரையே வெச்சிருந்த எடம், போயிட்டு வா புள்ள" என்றாள் அம்மா. என்னை யார் கேட்டார்கள்? இங்கே எல்லோரும் அன்பாகத்தான் இருக்கிறார்கள். அந்த அன்புதான் மூச்சு முட்டுகிறது. 'ரவி தங்கச்சி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். மலர் என்று சொல்ல ஒருவர் இல்லை.

கோயம்புத்தூர் நர்சிங் காலேஜில் எனக்கு இடம் கிடைத்திருக்கிறது, அண்ணா. வரும் திங்கட்கிழமை நேரில் போய்ச் சேராவிட்டால் அது வேறு யாருக்கோ போய்விடும். கேம்ப் முடிய இன்னும் மூன்று வாரம். முதலாளியிடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தையை விழுங்கிக்கொண்டு திரிந்தேன்.

நேற்று கோத்தகிரித் தேயிலைச் சரிவில் நடை. பனி மூடினால் பிள்ளைகள் முன்னாலிருந்து வரிசையாக எண் சொல்ல வேண்டும், கடைசியில் வருகிறவர் 'ஆச்சு' என்று கத்த வேண்டும், அப்புறம்தான் வரிசை நகரும். நீ வைத்த பழக்கம். நேற்று கடைசியில் வந்தவள் நான்; காலேஜ் நினைப்பில் நடந்துகொண்டிருந்தேன். பதினேழு என்று காதில் விழுந்ததும் 'ஆச்சு' என்று கத்திவிட்டேன். பிள்ளைகள் பதினெட்டுப் பேர்.

ரோட்டுக்கு வந்து தலை எண்ணியபோதுதான் தெரிந்தது. மற்றவர்களை, முன்னால் வழிகாட்டி நடந்த செந்திலிடம் விட்டுவிட்டுத் திரும்பி ஓடினேன். வளைவில், செடிகளுக்கு நடுவே நிவேதா குந்தியிருந்தாள். பத்து வயது, ஈரோட்டுப் பிள்ளை.

"ஏஞ்சாமி, நெம்பர் சொல்லல?"

"ஊட்டுக்குப் போகோணுங்க்கா. இங்க வர்றியான்னு என்னைய ஆருமே கேக்கலீங்க."

அவளைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன். பயத்தில் அழுதேனா, வேறு எதற்காகவா?

அவள் அப்பாவுக்குப் போன் போட்டுக் கொடுத்த கையோடு முதலாளி அறைக்குப் போனேன். தப்பு என்னுடையது என்றேன். திங்கட்கிழமை படிக்கப் போகிறேன், இனி வரமாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன். கத்துவார் என்று நினைத்தேன். சிரித்தார்.

"உங்கண்ணனும் வருசா வருசம் இதையேதாம்மா சொல்லுவான். 'இதுதான் கடைசி சீசனுங்க சார், திருப்பூர் போயி பனியன் கம்பெனில சேரப் போறேன்'னு. ஏப்ரல் வந்தா கயித்தத் தோள்ல போட்டுட்டு வந்து நிப்பான். நீயும் வருவ, போ."

திருப்பூரா? வருடா வருடமா? காடென்றால் உனக்கு உயிர் என்று நாங்கள் ஊரெல்லாம் பெருமை பேசினோமே. ஒரு நாள் எங்களிடம் சொல்லியிருக்கக் கூடாதா? நாங்களாவது கேட்டிருக்கக் கூடாதா?

நான் கிளம்பினால் அம்மா அழுவாள். அடுத்த சீசனுக்கு என்னை அழைத்துவர ஆள் அனுப்புவார்கள், உன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அதற்குத்தான் பயமாக இருக்கிறது, அண்ணா. உன் பெயரைக் கேட்டால் நான் இளகிவிடுவேன்.

ஆனாலும் திங்கட்கிழமை மேட்டுப்பாளையம் முதல் பஸ்ஸில் ஏறிவிடுவேன். யார் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் வரமாட்டேன். நீ கோபித்துக்கொள்ள மாட்டாய் என்று நேற்றுத்தான் எனக்குத் தெரிந்தது.

உன் ஒரே தங்கச்சி,
மலர்