அக்கா வெட்டிய முதல் துண்டு

பிழை பிடித்துப் பிடித்தே எங்கள் மேல் அன்பு வைத்த ஸ்டெல்லா அக்காவுக்கு,

நீங்கள் போய் இரண்டு மாதமாகிறது. கல்முனையில் மழை இன்னும் விடவில்லை. முற்றத்துத் தண்ணீர் வடிகிறது. வடிந்துவிட்டதே என்று நாங்கள் சந்தோஷப்படுவதற்குள் திரும்பவும் நிரம்பிவிடுகிறது. அத்தான் சுகமாக இருக்கிறார். தேத்தண்ணிக்குச் சீனி போட நீங்கள் இல்லாததால் தானே போட்டுக்கொள்கிறார். எத்தனை கரண்டி என்று நான் எண்ணுவதில்லை. உங்கள் மகள் ஷாமினி கந்தோருக்கு வேலைக்குப் போய் வருகிறாள். வீட்டுக்கு வந்ததும் உங்கள் அலுமாரியைத் திறந்து பார்த்துவிட்டு மூடுகிறாள். என்ன தேடுகிறாய் மகள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமா?

நீங்கள் இல்லாத முதல் வருடக் கடைசியை நாங்கள் எப்படிக் கழித்தோம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதில் ஒரு பிழை நடந்தது. செய்தவன் நான். நேரில் என்றால் பாதியிலேயே நிறுத்தி, மீதியை நீங்களே சொல்லி முடித்திருப்பீர்கள். எழுத்தில் அந்த வசதி உங்களுக்கு இல்லை. முப்பது வருடமாக எழுதுகிறவனுக்கு இப்படியொரு வாசகி கிடைப்பது இதுதான் முதல் தடவை.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் வருடத்தின் கடைசி நாள் பின்னேரம் நாலு மணிக்கு எல்லோரும் பாயில் கூடியிருந்து, கழிந்த வருடத்தைப் பற்றி ஒவ்வொருவராகக் கதைப்போம். எங்கள் சேர்ச் ஆட்கள் பலருடைய வீடுகளிலும் இது உண்டு. ஆனால் மற்ற வீடுகளில் நேரே நன்றி சொல்லத் தொடங்கிவிடுவார்கள். எங்கள் வீட்டில் அக்காவின் சட்டம் வேறு. நன்றி சொல்வதற்கு முன்னால், அந்த வருடத்தில் ஒரு மனுசருக்குச் செய்த பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

"ஆண்டவருக்கு நன்றி சொல்றது லேசு, அவர் திருப்பிக் கதைக்கமாட்டார். மனுசருக்கு என்ன செஞ்ச எண்டு முதல்ல சொல்லுங்க" என்பீர்கள்.

மாவடிப்பள்ளி வயலுக்கு மழை தந்ததற்காக அத்தான் ஒரு வருடம் பதினொரு நிமிடம் தோத்திரம் சொன்னார். நீங்கள் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "சரி, மழை பெஞ்சது. நீங்க என்ன செஞ்சீங்க?" என்று கேட்டீர்கள். அத்தான் குத்தகைக்காரரோடு தேவையில்லாமல் சண்டை பிடித்ததைச் சொன்னார். அடுத்த நாள் காலையிலேயே அவரைத் தேடிப் போய்க் கதைத்துவிட்டும் வந்தார். நான் எழுதிய எதையும் படித்துவிட்டு எவரும் எங்கேயும் எழும்பிப் போனதில்லை.

இனி, பிழைக்கு வருகிறேன்.

கிறிஸ்து பிறந்த நத்தார் நாளுக்கு நீங்கள் இரண்டு கேக் செய்வீர்கள். பெரியது எங்களுக்கு. அதற்கான முந்திரிகை வற்றலையும் மற்றச் சாமான்களையும் ஒக்டோபரிலேயே பிரண்டியில் ஊறப்போட்டுவிடுவீர்கள். சிறியது பக்கத்து முஸ்லிம் வீட்டு நஸீரா ராத்தாவுக்கு. அதில் பிரண்டி ஒரு சொட்டும் கிடையாது, தோடம்பழச் சாறு மட்டும்தான். ராத்தாவின் ஐந்து பிள்ளைகளையும் கையில் ஏந்தியவர் நீங்கள். அந்த ஒழுங்கையில் மருத்துவ மாதுவாக நடந்து, பிறகு சைக்கிளில், பிறகு ஸ்கூட்டரில் திரிந்த உங்களை ஊரே 'மிஸ்ஸி' என்றது. ராத்தாவும் அப்படித்தான். எங்கள் வீட்டிலிருந்து எது போனாலும் அந்த வீட்டில் இது என்ன, எதில் செய்தது என்று ஒரு கேள்வியும் கேட்கமாட்டார்கள். மிஸ்ஸி வீட்டுச் சாமான் என்றால் அவர்களுக்கு அதுவே போதும்.

உங்களை அடக்கம் செய்த அன்றும் அடுத்த இரண்டு நாளும் எங்கள் அடுப்பு எரியவில்லை. மூன்று வேளையும் ராத்தா வீட்டிலிருந்து சட்டி சட்டியாகச் சாப்பாடு வந்தது. அத்தானுக்கு உறைப்புக் குறைத்து ஒரு கறி தனியாக வைத்திருந்தார்கள். அதை யார் சொல்லிக் கொடுத்தது? நாங்கள் சொல்லவில்லை.

இந்த முறையும் கேக் செய்வது என்று ஷாமினி முடிவெடுத்தாள். நீங்கள் ஊறப்போட்டுவிட்டுப் போன போத்தல் அலுமாரியில் இருந்தது. அதைக் கொட்ட அவளுக்கு மனம் வரவில்லை. பெரியது ஒன்று, சிறியது ஒன்று, உங்களைப் போலவே செய்து எண்ணெய்த் தாளில் சுற்றினாள். நத்தார் காலையில் சேர்ச்சுக்குப் புறப்படும்போது, "மாமா, மேசையில இருக்கிற கேக்க நஸீரா மாமிக்குக் குடுத்திருங்க. எனக்கு இண்டைக்கு அங்க போக ஏலாது" என்றாள்.

ஏன் ஏலாது என்று எனக்குத் தெரியும். ராத்தா அவளைக் கட்டிப்பிடித்தால் அவள் உடைந்துபோவாள். அன்று அதைத் தாங்கும் நிலையில் அவள் இல்லை.

அலுமாரியில் வேறு எதையோ தேடப்போன அத்தான், பெரிய கேக்கையும் எடுத்து மேசையில் வைத்துவிட்டு அப்படியே சேர்ச்சுக்குப் போயிருந்தார். ஆக, மேசையில் இரண்டு கேக். எதில் என்ன இருக்கிறது, வருடாவருடம் எது அங்கே போகிறது என்று நான் ஒருநாளும் கவனித்ததில்லை. ஆனால் நான் படித்த மனிதன். யோசித்தேன். மிஸ்ஸி போன முதல் வருடத்திலேயே சின்னக் கேக்கை அனுப்பினால், அந்த வீட்டில் கை சுருங்கிவிட்டது என்று நினைத்துவிட மாட்டார்களா? பெரியதை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். ராத்தா அதை இரண்டு கையாலும் வாங்கி, "புள்ள வரல்லையா?" என்று மட்டும் கேட்டார். பிறகு வருவாள் என்றேன். எங்கள் குடும்பத்தின் மரியாதையைக் காப்பாற்றிவிட்ட திருப்தியோடு வீட்டுக்கு வந்து, சின்னதை அலுமாரியில் வைத்து மூடினேன்.

வருடத்தின் கடைசி நாள் வந்தது. நாலு மணிக்குப் பாய் விரித்தோம். அத்தான், ஷாமினி, நான், என் மனைவி ரஞ்சி. உங்கள் இடத்தில் யாரும் இருக்கவில்லை. அது வெறுமையாக இருந்தது என்று எழுதத்தான் ஆசை. உண்மையில் அங்கே அத்தானின் தலையணை இருந்தது. வழக்கம்போல முதலில் கேக்; ரஞ்சி உள்ளேயே துண்டு துண்டாக வெட்டித் தட்டில் கொண்டுவந்தாள். அத்தான் ஒரு துண்டை வாயில் வைத்தார். மென்றார். நிறுத்தினார்.

"என்னகா இது, மணமே இல்ல."

"அம்மா ஊறப்போட்டதுதான் அப்பா."

"முப்பத்தஞ்சு வருசமாத் தின்னுற எனக்குத் தெரியாதா? இதில தோடம்பழந்தான் இருக்கு."

ஷாமினி ஒரு துண்டை எடுத்து முகர்ந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"மாமா, எந்தக் கேக்கக் குடுத்தீங்க?"

பெரியது என்றேன். அந்தச் சொல்லைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கும் விளங்கிவிட்டது. ரஞ்சி கையிலிருந்த துண்டைத் தட்டில் வைத்தாள்.

அக்கா, அந்த நேரத்தில் உங்கள் தம்பி என்ன சொன்னான் என்பதையும் எழுதத்தான் வேண்டும். ஆறு நாளாகிவிட்டது, இதற்குள் சாப்பிட்டு முடித்திருப்பார்கள் என்றேன். தெரியாமல் சாப்பிட்டது எந்த மார்க்கத்திலும் குற்றமில்லை என்றேன். போய்ச் சொன்னால்தான் அவர்கள் மனம் புண்படும், ஆகவே சொல்லாமல் விடுவதுதான் அன்பு என்றேன். மூன்றும் நல்ல நியாயங்கள். அத்தான் மூன்றுக்கும் தலையாட்டினார்.

ஷாமினி சொன்னாள்: "மாமா, அம்மா இருந்தா இதச் சொல்லுவீங்களா?"

நான் தட்டிலிருந்த துண்டுகளை ஒழுங்காக அடுக்கத் தொடங்கினேன்.

"முப்பது வருசமா ஒரு கேள்வி கேக்காமச் சாப்பிட்டவங்க. இதச் சொல்லாம விட்டா, இனி நான் அவங்களுக்குத் தண்ணி கூடக் குடுக்க ஏலாது. அவங்களுக்குத் தெரியாட்டியும் எனக்குத் தெரியும்தானே."

எழுந்து செருப்பைப் போட்டாள். இரண்டு மாதமாக அந்த வீட்டுப் படியேறப் பயந்தவள். நானும் குடையை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். துணைக்குப் போனேன் என்று சொல்லலாம். தனியே வீட்டில் இருக்க வெட்கமாக இருந்தது என்பதுதான் சரி.

ராத்தா கதவைத் திறந்தார். ஷாமினி கட்டிப்பிடிக்க இடம் கொடுக்கவில்லை. நின்ற நிலையிலேயே கேட்டாள். "மாமி, அந்தக் கேக்கச் சாப்பிட்டிட்டீங்களா?"

"இல்ல புள்ள. எப்பிடிச் சாப்பிடுற? வெட்டுற ஆள் வரல்லையே."

எங்களுக்கு விளங்கவில்லை. ராத்தா உள்ளே போய் கேக்கைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். எண்ணெய்த் தாள்கூடப் பிரிக்கப்படவில்லை.

"பேரப்புள்ளைகள் ஆறு நாளா என்னப் பிச்சுத் தின்னுதுகள். நான் விடல்ல. மிஸ்ஸி ஒவ்வொரு வருசமும் பின்னேரம் வருவா. இந்தக் கதிரையில இருப்பா. அவதான் கத்தியெடுத்து முதல் துண்ட வெட்டி, முழுசாத் தின்னுவா, எங்கட முகத்தப் பாத்துக்கிட்டே. பொறகு தலைய ஆட்டிப்போட்டுத் தட்ட எங்கட பக்கம் தள்ளுவா. அதுக்குப் பொறகுதான் நாங்க."

"ஏன் மாமி?"

"நானும் ஒருக்காக் கேட்டன். 'ராத்தா, ரெண்டு கேக்கும் என்ட ஒரே கையால செய்யிற. கை தவறினா, அந்த ருசி உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். நான் தின்னு பாத்துத்தான் உங்களுக்குத் தரணும்' எண்டா."

அக்கா, உங்களுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. நத்தார் பின்னேரம் பக்கத்து வீட்டுக்குப் போய்க் கேக் தின்றுவிட்டு வருகிறீர்கள் என்று நாங்கள் எத்தனை வருடம் ஏசியிருக்கிறோம். சேர்ச் மலரில் நான் அதை ஒரு வேடிக்கைக் கட்டுரையாகவே எழுதினேன். வீட்டில் கட்டுப்பாடு, அயலில் விருந்து என்று வாழும் ஒரு சீமாட்டியைப் பற்றி. சபையே சிரித்தது. நீங்கள் அதைப் படித்துவிட்டு, "ரெண்டு துண்டு எண்டு எழுதியிருக்காய். ஒண்டுதான்" என்றீர்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் நான் வெட்கப்பட்டிருப்பேன் என்றா?

ஷாமினி நடந்ததைச் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. "எங்கட வீட்டுப் பிழை" என்றாள். நான்தான் இடையில் புகுந்து, எடுத்து வந்தது நான் என்றேன்.

"தெரியும் தம்பி" என்றார் ராத்தா. "பெரிசாக் கிடக்கே எண்டு அண்டைக்கே நினைச்சன். எழுதுற ஆக்கள்ட கையில குடுத்தா எல்லாம் கொஞ்சம் கூடத்தான் வரும்."

"ராத்தா, சொல்லாம விடுவம் எண்டுதான் நான் சொன்னன்."

"அதுவும் முகத்தில தெரியுது."

பிறகு ஷாமினியின் பக்கம் திரும்பினார். "நாளைக்குப் புள்ளைகள்ட கரைச்சல் தாங்க ஏலாம நானே வெட்டியிருப்பன். அல்லாஹ் காப்பாத்தினான், நீ வந்து சொன்னாய். மிஸ்ஸி மௌத்தான நாளையில இருந்து யோசிச்சன், இனி அந்த வீட்டிலிருந்து வாறத ஆரு பொறுப்பெடுக்கிற எண்டு. சரி. ஆள் இருக்கு."

அதற்குப் பிறகுதான் ஷாமினி அழுதாள். உங்கள் கதிரையில் இருந்து, உரத்து, நன்றாக அழுதாள். ராத்தா கட்டிப்பிடிக்கவில்லை. பக்கத்தில் நின்று அவள் தலையில் கை வைத்திருந்தார். நான் சுவரில் இருந்த நாட்காட்டியைக் கவனமாகப் படித்தேன்.

புதுவருடத்தன்று பின்னேரம் ராத்தாவின் குசினியில் இன்னொரு கேக் செய்தார்கள். அவர்களுடைய முட்டை, அவர்களுடைய கேக் அடுப்பு, ஷாமினியின் கை. பேரப்பிள்ளைகள் நாலு பேர் கதவடியில் காவல் நின்றார்கள். என்னையும் அத்தானையும் கூப்பிட்டிருந்தார்கள். எதையும் தொடக்கூடாது என்பது நிபந்தனை. நிபந்தனை எனக்கு மட்டும்தான் என்று அத்தான் எல்லோருக்கும் சொன்னார்.

ஷாமினி கதிரையில் இருந்தாள். முதல் துண்டை வெட்டினாள். ராத்தாவின் முகத்தைப் பார்த்தபடி முழுவதையும் தின்றாள். எங்கள் வீட்டில் பரீட்சை முடிவு வந்த நாட்களில்கூட இவ்வளவு அமைதி இருந்ததில்லை. தலையை ஆட்டினாள். தட்டைத் தள்ளினாள்.

ராத்தா ஒரு துண்டை எடுத்துக் கடித்தார். கொஞ்சம் இறுகிவிட்டது என்று எனக்குச் சத்தத்திலேயே தெரிந்தது.

"மிஸ்ஸிட கைக்கு இன்னும் கனதூரம் புள்ள" என்றார். சொல்லிவிட்டு இரண்டாவது துண்டை எடுத்தார்.

அக்கா, பாயில் பாதியில் விட்ட என் முறையை நான் இன்னும் முடிக்கவில்லை. இங்கேயே முடித்துவிடுகிறேன். நான் செய்த பிழை ஒரு கேக்கை மாற்றிக் கொடுத்ததல்ல. முப்பது வருடம் பக்கத்தில் இருந்தும், நீங்கள் செய்ததை வேடிக்கையாக மட்டுமே பார்த்தது. ஊரில் நல்லிணக்கம் பற்றிக் கூட்டம் போட்டால் என்னைத்தான் பேசக் கூப்பிடுவார்கள். நானும் போய்ப் பேசுவேன். நீங்கள் ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்லை. உங்கள் உடம்புக்கு ஆகாத ஒன்றை வருடத்துக்கு ஒரு தடவை, அயல் வீட்டார் பயமில்லாமல் சாப்பிடுவதற்காக, முன்னால் இருந்து தின்றீர்கள். அதை வீட்டுக்கு வந்து சொல்லவும் இல்லை.

நன்றியும் சொல்ல வேண்டும் அல்லவா. உங்களை எனக்கு அக்காவாகத் தந்ததற்கு. உங்கள் மகளை எங்களிடம் விட்டுப் போனதற்கு.

ஷாமினி மாற்றலாகியோ கலியாணம் கட்டியோ தூரம் போகும் வருடம் வரும். அந்த வருடம் நத்தார் பின்னேரம் அந்தக் கதிரையில் நான் இருப்பேன். போன மாதம் பார்த்ததில் எனக்கும் சீனி கூடித்தான் இருக்கிறது. பரவாயில்லை. ஒரு துண்டு, முழுவதாக, அவர்கள் முகத்தைப் பார்த்தபடி தின்பேன். அதைப் பற்றி எங்கேயும் எழுதமாட்டேன்.

என்றும் உங்கள் சின்னத் தம்பி,
ஜெயசீலன்