ஊமைச்சிக்காக அறுத்த கதவு

இந்தாங்க,

உங்களை வேறு எப்படியும் நான் கூப்பிட்டதில்லை. இப்போதும் அதுதான் வாயில் வருகிறது.

இன்றைக்கு விடாத மழை. தேயிலை மலையிலிருந்து நனைந்து வந்து, இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அடுப்போரம் விரித்துப் போட்டேன். சூடு ஏற ஏற ஈரச் சாக்கின் வாடை இந்த ஒற்றை அறைக் காம்பரா முழுக்கப் பரவியது. அவ்வளவுதான், எனக்குக் கோபம் வந்துவிட்டது. நம் வாசலில் கதவுக்குப் பதிலாகச் சாக்கு தொங்கிய நாட்களின் வாடை அது. தோட்டத்தில் நம்மை வேலை வாங்கிய கண்டாக்கையா மேல் கோபம், உங்கள் மேல் கோபம், எல்லாவற்றுக்கும் காரணமான அந்தப் பூனை மேலும் கோபம்.

அது எங்கிருந்து வந்ததோ தெரியாது. கந்தப்பளைப் பனிக்குப் பயந்து ஒரு சாயங்காலம் உள்ளே நுழைந்தது. சாம்பல் நிறம். கத்தவே கத்தாது. அதனால் நம் லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் ஊமைச்சி என்றார்கள். வாய்தான் இல்லை, அதிகாரம் தோட்டத்துத் துரைக்கு மேல் இருந்தது. உள்ளே இருந்தால் வெளியே போக வேண்டும்; வெளியே விட்டால் உள்ளே வர வேண்டும். கதவடியில் உட்கார்ந்து தாழ்ப்பாளையே பார்க்கும். நீங்கள் ரொட்டியைப் பிட்டு வாயில் வைக்கப் போகும்போதுதான் அதற்கு வெளியே வேலை வரும். எழுந்து போய்த் திறப்பீர்கள். அதுவோ பாதி உடம்பை வெளியே நீட்டி, மழையைப் பார்த்து, யோசனை பண்ணிக்கொண்டு நிற்கும். குளிர்காற்று புகுந்து சின்னவள் இருமத் தொடங்குவாள்.

“ஒண்ணு போகச் சொல்லுங்க, இல்லாட்டி உள்ள இருக்கச் சொல்லுங்க. இது என்னா வீடா, சத்திரமா?” என்று நான் கத்துவேன்.

“கத்துச்சுன்னா அதட்டி உக்கார வைக்கலாம். சும்மா பாத்துக்கிட்டே இருக்கே, நான் என்னா பண்றது?” என்பீர்கள்.

அந்தக் கதவின் அடிப்பலகை மழைத்தண்ணீரில் மக்கிப்போய்ப் பல காலம். மாற்றித் தரும்படி நாம் கேட்காத ஆள் உண்டா? “பாப்போம்” என்ற ஒரு சொல்லைத் தவிர எதுவும் கிடைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியை எடுத்து, மக்கிய மூலையைப் பூனையின் உடம்பு நுழைகிற அளவுக்கு அறுத்தீர்கள். உள்பக்கம் ஒரு சாக்குத் துண்டை மடித்துத் தொங்கவிட்டீர்கள். ஊமைச்சி மோந்து பார்த்தது, போனது, வந்தது, திரும்பவும் போனது. நானும் அன்றைக்குத் திட்டத்தான் செய்தேன். ஆனாலும் நீங்கள் ஒரே இருப்பில் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்ததை அன்றுதான் பார்த்தேன்.

மக்கியபோது கண்ணில் படாத கதவு, அறுத்த பிறகு கண்டாக்கையாவின் கண்ணில் பட்டுவிட்டது. லயம் பார்க்க வந்தவர் தடியால் அந்த ஓட்டையைக் குத்தினார்.

“யாரக் கேட்டு அறுத்த?”

“மக்கிப்போன பலகைங்க, ஐயா.”

“மக்குனாலும் அது தோட்டத்துச் சாமான். நாளைக்கே அடைக்கச் சொல்றேன்.”

கதவை மாற்ற வராத ஆள் அடைக்க மட்டும் மறுநாளே வந்துவிட்டான். நாம் மலையில் இருந்தோம். ஊமைச்சி வெளியே போயிருந்தது. அரிசிப் பெட்டிக்குப் பின்னால் அது போட்ட குட்டிகள் உள்ளே கிடந்தன. வெளிப்பக்கமாகத் தகரத்தை வைத்து ஆணி அடித்துவிட்டுப் போய்விட்டான். நாம் வந்தபோது அது மழையில் தொப்பலாக நனைந்து தகரத்தைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. முன்னங்கால்களில் ரத்தம். குட்டிகளின் கத்தல் வாசல் வரை கேட்டது. தாய்க்கு மட்டும் சத்தம் இல்லை. கத்தியிருந்தால் லயத்தில் இருந்த யாராவது வந்து திறந்துவிட்டிருப்பார்கள்.

துண்டால் அதைத் துடைத்துக் குட்டிகளிடம் விட்டீர்கள். காலையில் கதவைக் கழற்றித் தலையில் தூக்கிக்கொண்டு பெரட்டுக் களத்துக்குப் போனீர்கள். வேலைக்குப் பேர் கொடுக்க நின்ற அத்தனை பேரும் பார்க்க, கண்டாக்கையாவின் காலடியில் இறக்கி வைத்தீர்கள்.

“என்னாடா இது?”

“தோட்டத்துச் சாமானுங்க. தோட்டமே வச்சுக்கிரட்டும். பூனையும் பொண்டாட்டி புள்ளயும் என்னோடதுங்க. அதுங்கள நான் பாத்துக்கிறேன்.”

என்னைப் பூனைக்குப் பின்னால் வைத்துச் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை, அது வேறு கதை. எதிர்த்து வாயே திறக்காத மனிதர் ஒருநாள் திறந்தீர்கள். உங்களுக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வாசலில் சாக்கைக் கட்டினோம். காற்று அதைத் தூக்கித் தூக்கி அடித்தது. சின்னவளின் இருமல் கூடியது. “போய்க் கால்ல விழுந்தாவது கதவ வாங்கிட்டு வாங்க” என்று நான் அழுதேன். நீங்கள் அசையவில்லை.

உங்களோடு கவ்வாத்து வெட்டுகிறவர்கள் பிள்ளையைப் பார்க்க வந்தார்கள். சாக்கை விலக்கி உள்ளே வந்தவர்கள் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். மறுநாள் பெரட்டில் ஒருவரும் கத்தியைக் கையில் எடுக்கவில்லை. “அவருக்கு வேல குடுத்தாத்தாங்க நாங்களும் மலைக்கு ஏறுவோம்” என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். மலையில் செடிகள் பாதி வெட்டியபடி நின்றன. துரைக்கு ஆள் போனது. மத்தியானத்துக்குள் நம் கதவு இரண்டு பேர் தோளில் திரும்பி வந்தது. உங்கள் பேரையும் கூப்பிட்டார்கள். “இனிமே கேட்டுட்டுச் செய்” என்றார் கண்டாக்கையா. கேட்கவில்லையா நாம்? எத்தனை மழைக்காலம் கேட்டோம்! தகரத்தை நீங்களே பிடுங்கி எறிந்தீர்கள். ஊமைச்சி பழையபடி போகவும் வரவுமாக இருந்தது. சின்னவளின் இருமலும் தணிந்தது.

சில வருஷம் கழித்து உங்கள் நெஞ்சில் சளி கட்டியபோது தோட்டத்து மருந்துக்கடையில் ஒரே சிவப்புத் தண்ணியைத்தான் திரும்பத் திரும்ப ஊற்றிக் கொடுத்தார்கள். தேயிலைக்கு ஓடுகிற லொறி உங்களுக்கு ஓடவில்லை. அது நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியபோது உங்களுக்கு மூச்சு இல்லை. இதை நான் யாரிடமும் ஆறிப்போய்ச் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன்.

நீங்கள் போன பிறகு ஊமைச்சி கொஞ்ச காலம் இருந்தது. ஓட்டை இருக்கும்போதே கதவுக்கு முன்னால் உட்கார்ந்து என்னைப் பார்க்கும். திட்டிக்கொண்டே எழுந்து போய்த் திறந்துவிடுவேன். ஒருநாள் போனது வரவில்லை. சொல்லிக்கொண்டு போகிற வழக்கம் உங்களுக்கும் இல்லை, அதற்கும் இல்லை.

போன வாரம் பக்கத்துக் காம்பராப் பெண்ணுக்குப் பிள்ளை பிறந்தது. ஏன் வேலைக்கு வரவில்லை என்று கேட்க, புதிதாக வந்திருக்கிற சின்னக் கண்டாக்கு சப்பாத்துக் காலோடு நேராக உள்ளே போகப் பார்த்தான். நான் வாசலை மறித்து நின்றேன்.

“வெளிய நில்லுங்க, ஐயா. பச்ச ஒடம்புக்காரி படுத்திருக்கா.”

“நீ யாரு அதச் சொல்ல?”

“பக்கத்துக் காம்பராங்க. அவ எந்திரிச்சு சீலையச் சரி பண்ணட்டும். அப்புறம் இங்க நின்னே கேளுங்க.”

குரல் நடுங்கவில்லை. அவன் படியிறங்கி மழையில் நின்றான்.

அந்தக் குரல் உங்களுடையது. நீங்கள் விட்டுப்போனதில் என்னிடம் மிச்சமாக இருப்பது அதுதான். இத்தனை வருஷ வாழ்க்கையில் நீங்கள் அதை ஒரே ஒரு நாள்தான் வெளியே எடுத்தீர்கள். நான் அடிக்கடி எடுக்கப் போகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.